தம் கட்டும்வரை நீச்சல் வராது

வாசகர் கடிதம்

ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். மகனுக்கு ஏழரை வயது. கடந்த மே மாதம் 12 நாள் கோடை முகாமில் நீச்சலுக்குச் சேர்த்தார்கள். 30 பிள்ளைகள், ஒரே மாஸ்டர். எட்டாம் நாள் ஐந்தடி ஆழத்தில் தூக்கிப் போட்டதில் மூக்கில் தண்ணீர் ஏறி, மீதி நாலு நாளும் பையன் குளத்துப் பக்கமே போகவில்லை. ஜூனிலிருந்து வேறொரு தனியார் குளத்தில் ஞாயிறுதோறும் 45 நிமிட வகுப்பு. 12 பிள்ளைகள் ஒரே வரிசை. ஐந்து மாதம் ஆகிவிட்டது. கிக் போர்டை (மிதக்கும் பலகை) பிடித்துக்கொண்டால் அந்தக் கோடி வரை போகிறான். போர்டை வாங்கிவிட்டால் ஐந்தாறு மீட்டர் கை போட்டு, தலையைத் தூக்கி, கால் ஊன்றி நின்றுவிடுகிறான்.

பக்கத்து வீட்டுச் சிறுமி இவனைவிட ஒரு வயது இளையவள். அதே வகுப்பில் 25 மீட்டரை முழுதாகக் கடக்கிறாள். “பயந்தாங்கொள்ளி” என்கிறார் மாஸ்டர். “நான் கிணத்துல ரெண்டே நாள்ல கத்துக்கிட்டேன். பொங்கலுக்கு ஊருக்குப் போறப்ப இடுப்புல கயித்தக் கட்டித் தள்ளிவிட்டா தானா வந்துரும்” என்கிறார் கணவர். சுற்றுலா போகும் இடங்களில் கையில் காற்றடைத்த பட்டையை மாட்டிக்கொண்டு அதே பையன் மணிக்கணக்கில் தண்ணீரில் ஆடுகிறான், அதுதான் எனக்குப் புரியவில்லை என்கிறார் தாய். இவனுக்கு நீச்சல் வராதா? மாஸ்டரை மாற்றலாமா? அடுத்த கோடை வரை நிறுத்திவைக்கலாமா? வகுப்பு முடிந்து வந்தால் காதில் வெதுவெதுப்பான எண்ணெய் விடுவது சரியா? நாலு வயது மகளையும் இப்போதே சேர்க்கலாமா? இவை அவர் கேள்விகள்.

பயிற்றுநரின் பதில்

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் எல்லாரும் தாண்டிப் போயிருக்கும் ஓர் எண் இருக்கிறது: ஐந்தாறு மீட்டர். ஏழு வயதுக் குழந்தை ஒரே மூச்சைப் பிடித்துக்கொண்டு கை, கால் அடித்தால் ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான் போகும். அதற்கப்புறம் மூச்சு வேண்டும். மூச்சு வேண்டுமென்றால் தலையைத் தூக்குவான். தலை மேலே வந்த நொடியே இடுப்பும் காலும் கீழே இறங்கும். கால் தரையைத் தொட்டதும் நின்றுவிடுவான். இதில் பயமும் இல்லை, சோம்பலும் இல்லை. தண்ணீருக்குள் மூச்சை விடுவதற்கு அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

நம் ஊரில் நீச்சல் என்றாலே முதலில் சொல்லித்தருவது “தம் கட்டு” என்பதைத்தான். முங்கி எழ அது போதும், நீந்தப் போதாது. நெஞ்சில் காற்றைக் கட்டிவைத்தவன் தலையைத் திருப்பும் அந்த அரை நொடியில் பழைய காற்றை வெளியே விட்டு, புதுக் காற்றையும் இழுக்க வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் நேரம் போதாமல், இழுக்கும்போது தண்ணீரையும் சேர்த்துக் குடிக்கிறான். முகம் உள்ளே இருக்கும்போதே மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் மூச்சை விட்டுத் தீர்த்திருந்தால், தலை திரும்பும்போது வாயால் இழுப்பது ஒன்றுதான் வேலை. பக்கத்து வீட்டுச் சிறுமி 25 மீட்டர் போவதற்கும் இதுதான் காரணமாக இருக்கும். அடுத்த ஞாயிறு அவள் முகத்தருகே பாருங்கள், தண்ணீரில் குமிழி வரும். உங்கள் மகன் முகத்தருகே வராது.

கிக் போர்டும் கைப்பட்டையும்

போர்டைப் பிடித்தால் அந்தக் கோடி வரை போகிறானே என்று எழுதியிருக்கிறீர்கள். போகட்டும், ஆனால் தலையை வெளியே நிமிர்த்திக்கொண்டு போகிறானா என்று கவனியுங்கள். அப்படியானால் அவன் பயில்வது நீச்சலே அல்ல. தலை நிமிர்ந்த உடலைப் போர்டு தாங்கிக்கொள்கிறது, அதை எடுத்துவிட்டால் தாங்க ஆளில்லை. போர்டைப் பிடித்தாலும் முகம் உள்ளே, பார்வை தரையில் என்றால்தான் அந்தப் பயிற்சியால் பலன்.

சுற்றுலா விடுதியின் மர்மமும் இதேதான். கைப்பட்டை உடலைச் செங்குத்தாக நிறுத்துகிறது. குழந்தை தலையை வெளியே வைத்துக்கொண்டு சைக்கிள் மிதிப்பது போலக் காலை ஆட்டுகிறது. முகம் நனைவதே இல்லை, அதனால் பயமும் இல்லை. ஆனால் நீந்துவதற்குப் படுக்கையான உடல் வேண்டும். ஒவ்வொரு சுற்றுலாவிலும் அவன் அதற்கு நேர்மாறான நிலையைப் பழகி வருகிறான். அதைவிடக் கவலை தருவது வேறொன்று: பட்டையோடு ஆடிப் பழகிய பிள்ளை, பட்டை இல்லாத நாளில் அதை மறந்து குதித்துவிடும். கைப்பட்டை ஒரு விளையாட்டுச் சாமான், உயிர் காக்கும் கருவி இல்லை. காற்று இறங்கலாம், கையிலிருந்து நழுவலாம். படகிலோ ஆற்றங்கரையிலோ பாதுகாப்பு வேண்டுமென்றால், அவன் எடைக்கேற்ற அளவில் லைஃப் ஜாக்கெட்தான் சரி.

எங்கிருந்து மறுபடி தொடங்குவது

குப்புறப் படுத்துக் கையை மாற்றி மாற்றிப் போடும் ஃப்ரீ ஸ்டைலை நிறுத்துங்கள். ஒரு மாதத்துக்குக் கையே போட வேண்டாம். உங்கள் மகன் ஏறவேண்டிய படிகளில் நடுவில் மூன்று நான்கு விடுபட்டிருக்கின்றன, அவற்றை நிரப்பினால் மேல்படி தானாக வரும். மார்பளவு தண்ணீர் போதும். அவன் உயரத்துக்கு மூன்றடி ஆழம்.

முதலில் மூச்சு. விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வாயால் இழுத்து, முங்கி, “ம்ம்ம்” என்று மூக்கால் முனகச் சொல்லுங்கள். முனகும்போது மூக்கு வழியே காற்று வெளியேறிக்கொண்டே இருக்கும், தண்ணீர் உள்ளே ஏறாது. மே மாதம் மூக்கில் தண்ணீர் ஏறி மிரண்ட பிள்ளைக்கு இந்த ஒன்று பிடிபட்டாலே பாதிப் பயம் போய்விடும். உள்ளே மூன்று எண்ணும்வரை விடுவது, மேலே வந்து ஒரு எண்ணுக்குள் இழுப்பது. நடுவில் முகத்தைத் துடைக்காமல், கண்ணைக் கசக்காமல், தொடர்ந்து மூன்று முறை; பிறகு ஐந்து; பிறகு பத்து. பத்து முறை நிதானமாக வந்த அன்று இந்தப் படி முடிந்தது. முகத்தைத் துடைக்கும் பழக்கம் சிலரிடம் பிடிவாதமாக இருக்கும். அப்படியானால் நீச்சல் கண்ணாடி போடட்டும், தவறில்லை. வாரத்தில் ஒரு நாள் அது இல்லாமலும் செய்ய வேண்டும், தவறி விழுகிறவன் கண்ணாடி மாட்டிக்கொண்டு விழமாட்டான்.

இதை வீட்டிலும் செய்யலாம். அகலமான பேசினில் தண்ணீர் வைத்து, முகத்தை இறக்கி, முனகிக்கொண்டே குமிழி விடுவது தினம் இரண்டு நிமிடம். குளிக்கும்போது சொம்பால் தலையில் ஊற்றிக்கொண்டே மூச்சு விடுவது இன்னொன்று. நாலு வயதுக் குழந்தையும் வீட்டில் இருப்பதால், முடிந்தவுடன் பேசினைக் கவிழ்த்துவிடுங்கள். சின்னக் குழந்தைக்குச் சில அங்குலத் தண்ணீரே ஆபத்து.

அடுத்தது, பெரும்பாலான வகுப்புகளில் தாண்டிவிடும் ஒரு சங்கதி: மிதக்கும் நிலையிலிருந்து எழுந்து நிற்பது. குப்புற மிதக்கும் குழந்தைக்கு, எப்படி நிற்பது என்று தெரியாததுதான் பெரிய கலவரம். முழங்காலை நெஞ்சுக்கு இழுத்து, இரண்டு கையாலும் தண்ணீரைக் கீழ்நோக்கி அழுத்தி, பாதம் தரையில் பதிந்த பிறகு தலையைத் தூக்க வேண்டும். தலையை முதலில் தூக்கினால் கால் பின்னால் மிதந்து நிற்க முடியாமல் போகும். இதைத் தனியாக இருபது முறையாவது செய்து பார்க்கட்டும். தன்னால் எப்போது வேண்டுமானாலும் நிற்க முடியும் என்று தெரிந்த குழந்தை மிதக்கத் தயங்காது.

பிறகு மல்லாந்து மிதப்பது. காது இரண்டும் தண்ணீருக்குள், பார்வை நேர் மேலே, தொப்புளை மேலே தூக்கின மாதிரி. காதில் தண்ணீர் பட்டதும் கழுத்தை விறைப்பாகத் தூக்குவான், இடுப்பு மடிந்து உட்கார்ந்த கோலத்தில் மூழ்குவான். மாஸ்டர் பின்னந்தலையை உள்ளங்கையில் தாங்கி, ஒவ்வொரு விரலாக எடுத்துக்கொண்டே வர வேண்டும். 10 விநாடி, 30 விநாடி, ஒரு நிமிடம் என்று போகும். என்னைக் கேட்டால், ஃப்ரீ ஸ்டைலைவிட இதுதான் முக்கியம். களைத்தால் ஓய்வெடுக்க ஓரிடம் தண்ணீரிலேயே இருக்கிறது என்று உடலுக்குத் தெரிவது இதில்தான்.

சுவரை உதைத்துக்கொண்டு அம்பு போல வழுக்கிப் போவது அதற்கு மேல்படி. கை இரண்டும் காதை ஒட்டி நீட்டி, பார்வை தரையில். காலடிக்காமல் 3 மீட்டர் வழுக்கினால் நல்லது; பிறகு காலடியோடு 5 மீட்டர். கால் இடுப்பிலிருந்து அசைய வேண்டும், கணுக்கால் துணி போலத் தளர வேண்டும். தண்ணீர் தெறிக்கும் சத்தத்தை வைத்து முன்னேற்றத்தை அளக்காதீர்கள். அதிகம் தெறித்தால் முழங்கால் மடிகிறது என்று பொருள். கடைசியாக, ஒரு கையை முன்னே நீட்டி, பக்கவாட்டில் சாய்ந்து, ஒரு காது தண்ணீரிலேயே இருக்க மூச்சு வாங்குவது. தலையைத் தூக்குவது வேறு, திருப்புவது வேறு என்பது அப்போது விளங்கும். இவ்வளவும் வந்த பிறகு கை போடச் சொன்னால், சில வகுப்புகளிலேயே 10, 15 மீட்டர் என்று தூரம் நீளும்.

இடையில் ஒரு வாரம் வந்தது மறு வாரம் வராது. மூன்று வாரம் ஒரே இடத்தில் நிற்பான், பிறகு ஒரே நாளில் இரண்டு படி தாண்டுவான். புதிதாக ஒன்று சேரும்போது பழையது கொஞ்சம் கலைவது இயல்பு. காய்ச்சலோ பரீட்சையோ வந்து பத்து நாள் விட்டுப்போனால், விட்ட இடத்துக்கு இரண்டு படி கீழேயிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

மாஸ்டரை மாற்றுவதற்கு முன்

அடுத்த ஞாயிறு கைக்கடிகாரத்தோடு உட்காருங்கள். 12 பிள்ளைகள் ஒரு வரிசை, ஒவ்வொருவராக நீந்துகிறார்கள், ஒருவருக்கு 40 விநாடி என்று வையுங்கள். ஒரு சுற்றுக்கு 8 நிமிடம். 45 நிமிடத்தில் உங்கள் மகனுக்கு ஐந்து முறை வாய்ப்பு வந்தால் அதிகம். மொத்தம் மூன்றரை நிமிடத்துக்கும் குறைவு. மீதி நேரம் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நடுங்குகிறான். இதுவும் வாரம் ஒரு நாள். மாதத்துக்குப் பதினைந்து நிமிடம்கூட நீந்தாத பிள்ளை ஐந்து மாதத்தில் முன்னேறவில்லை என்று நாம் கணக்குப் பார்க்கிறோம்! வாரம் இரண்டு அல்லது மூன்று நாள், ஒவ்வொன்றும் 30 முதல் 40 நிமிடம் என்று மாற்ற முடிந்தால் வேறெதுவும் மாற்றாமலே வித்தியாசம் தெரியும். வாரம் ஒரு வகுப்பில் பாதி நேரம் போன வாரத்தை நினைவுபடுத்தவே போய்விடும்.

மாஸ்டரிடம் பேசுங்கள், ஆனால் வகுப்பு நடுவில் வேண்டாம், மகன் காதுபட வேண்டாம். “மே மாதம் இப்படி ஆயிருச்சுங்க. மூச்சு விடுறதும் மல்லாந்து மிதக்குறதும் மட்டும் ஒரு மாசம் பார்த்துக் குடுங்க, தூரம் அவசரமில்லீங்க” என்று சொல்லிப் பாருங்கள். பெற்றோர் தூரம் தூரம் என்று கேட்பதால்தான் பல மாஸ்டர்கள் அடிப்படையைத் தாண்டி ஓடுகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். கூடவே, ‘பயந்தாங்கொள்ளி’ என்று கூப்பிட வேண்டாம் என்பதையும் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அது உங்கள் உரிமை.

நான்கு வாரம் பார்த்தும் அதே வரிசை, அதே கிண்டல் என்றால் தயங்காமல் மாற்றுங்கள். புது இடத்தில் சேர்ப்பதற்கு முன் ஒரு முழு வகுப்பைக் கரையிலிருந்து பார்க்க அனுமதிக்கிறார்களா? தொடக்க நிலையில் ஒரு மாஸ்டருக்கு ஆறு பிள்ளைக்கு மேல் இருக்கிறார்களா? சொல்லித்தருபவர் தவிர, தண்ணீரை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க ஓர் உயிர்காப்பாளர் இருக்கிறாரா? மூன்றடிப் பகுதி தனியாக இருக்கிறதா? குளத்தின் அடித்தளம் தெளிவாகத் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் முங்கிய பிள்ளையும் தெரியாது, அந்த இடம் வேண்டாம். தனி வகுப்பு நல்லதுதான், செலவு கூடும். அப்படி வைத்தால், பெற்றோர் கண்ணுக்கு மறைவான நேரத்திலோ இடத்திலோ வேண்டாம். எங்கே தாங்கிப் பிடிப்பேன் என்று குழந்தையிடம் சொல்லிவிட்டுப் பிடிக்கும் பயிற்றுநரே நல்ல பயிற்றுநர். பிடிக்கவில்லை என்று மகன் சொன்னால் அதை நம்புங்கள்.

நிறுத்திவைக்கலாமா

முழுதாக நிறுத்த வேண்டாம். அடுத்த மே வரை விட்டால் அவன் மனதில் கடைசியாக நிற்கப்போவது தோற்றுப்போன நினைவுதான். ஆனால் மார்கழி, தையில் திறந்தவெளிக் குளத்தின் தண்ணீர் நன்றாகக் குளிர்ந்துவிடும். சின்னப் பிள்ளைகள் தளர்வாகக் கற்க 29 முதல் 32 டிகிரி வரை வெப்பம் இருந்தால் நல்லது. உதடு நீலம் பூத்து, பல் கிட்டினால் அன்றைக்கு அவ்வளவுதான், வெளியே எடுத்துத் துவட்டுங்கள். நடுங்கும் தசைக்கு மிதக்க வராது. அந்த இரண்டு மாதம் வெயில் ஏறிய பிறகு வகுப்பு வைக்க முடியுமா என்று கேளுங்கள். இல்லையென்றால் வீட்டுப் பேசின் பயிற்சி தொடரட்டும்.

கிணறு

உங்கள் கணவர் சொல்வதை அப்படியே ஒதுக்கிவிட முடியாது. கிணற்றில் கற்றவர்களிடம் நல்ல நீச்சல் உண்டு. ஆனால் அந்த ‘ரெண்டு நாள்’ கணக்கில் கொஞ்சம் மறதி இருக்கும். விடுமுறை முழுக்க, நாள் தவறாமல், இரண்டு மூன்று மணி நேரம் தண்ணீரில் கிடந்தார்கள். அண்ணன், மாமன் என்று நாலு பேர் தண்ணீருக்குள்ளேயே இருந்தார்கள். முதுகில் சுரைக்குடுக்கையோ இடுப்பில் லாரி டியூபோ இருந்தது. கற்றுத்தந்தது அந்தப் பழக்கம்தான், தள்ளிவிட்டது அல்ல. தள்ளிவிட்டதில் மிரண்டு கடைசிவரை தண்ணீரைத் தொடாதவர்களும் அதே ஊரில் இருப்பார்கள், அவர்கள் கதையை யாரும் பெருமையாகச் சொல்வதில்லை.

ஏற்கெனவே ஒருமுறை தூக்கிப்போடப்பட்ட பிள்ளையை இன்னொரு முறை, அதுவும் அப்பாவே தள்ளினால், தண்ணீர் மேலுள்ள பயத்தோடு அப்பா மேலுள்ள நம்பிக்கையும் ஆட்டம் காணும். கயிறு கட்டியிருப்பது அவனை மூழ்காமல் காக்கலாம். மூச்சு விடக் கற்றுத்தராது. கிணற்றில் கால் ஊன்ற இடமில்லை, படி பாசி பிடித்திருக்கும், அடியில் தண்ணீர் சில்லென்றிருக்கும். மோட்டார் உள்ள கிணறு என்றால் மின்சாரக் கசிவு தனி ஆபத்து. பொங்கலுக்குப் போகும்போது அப்பா நீந்துவதை மகன் மேலே நின்று பார்க்கட்டும். குளத்தில் மல்லாந்து ஒரு நிமிடம் மிதக்க வந்த பிறகு, மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, அப்பா தண்ணீரில் முதலில் இறங்கியிருக்க, இவன் தானாக இறங்குவதாக இருந்தால் அப்போது யோசிக்கலாம்.

எவ்வளவு தெரிந்தால் போதும்

25 மீட்டர் கடந்தால் நீச்சல் தெரியும் என்று நினைக்கிறோம். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் தண்ணீரில் தப்பிக்கும் திறன் என்று ஐந்தைச் சேர்த்துச் சொல்கிறது. தலைக்கு மேல் ஆழமான நீரில் விழுந்தால் மேலே வரத் தெரிய வேண்டும். ஒரு நிமிடம் மிதக்கவோ, நின்ற இடத்தில் நீர் மிதிக்கவோ வேண்டும். சுற்றித் திரும்பி, வெளியேறும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே 25 கெஜம், அதாவது சுமார் 23 மீட்டர், நீந்த வேண்டும். ஏணி இல்லாமல் கரையேற வேண்டும். தூரம் இந்த ஐந்தில் ஒன்றுதான். பக்கத்து வீட்டுச் சிறுமிக்கு மற்ற நான்கும் வருமா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவளோடு ஒப்பிடுவதை விடுங்கள்.

இந்த ஐந்தும் வந்தாலும் குளம் வேறு, ஓடும் நீர் வேறு. காவிரியிலும் கீழ்பவானி வாய்க்காலிலும் இழுப்பு இருக்கும். சரிவான கரையில் பிடிமானம் கிடைக்காது. தத்தளிக்கும் குழந்தை பெரும்பாலும் கத்தாது, வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்கும்போது கத்த முடியாது. ஆகவே நீந்தத் தெரிந்த பிள்ளையானாலும் கையெட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர், கைபேசி இல்லாமல். யாராவது மூழ்கினால் குதிக்காமல் கயிறு, வேட்டி, துப்பட்டா எதையாவது வீச வேண்டும் என்றும், பெரியவர்களைக் கூப்பிட வேண்டும் என்றும் மகனுக்கு இப்போதே சொல்லிவையுங்கள். வெளியே எடுத்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் தவறு. மூச்சில்லை என்றால் உடனே வாயோடு வாய் மூச்சும் மார்பு அழுத்தமும் கொடுத்துக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும்.

பையன்கள் கொஞ்சம் வளர்ந்ததும் யார் அதிக நேரம் முங்கியிருப்பது என்று தம் கட்டும் போட்டி வைப்பார்கள். வேக வேகமாக மூச்சிழுத்துவிட்டு முங்கினால், மூச்சு முட்டும் எச்சரிக்கை வருவதற்கு முன்பே தண்ணீருக்குள் மயக்கம் வரும். அந்த விளையாட்டுக்கு உங்கள் வீட்டில் அனுமதியே இல்லை என்று இருக்கட்டும்.

காதும் வயிறும்

எண்ணெய் வேண்டாம். காதுச் சவ்வில் துளை இருந்தால் எண்ணெய் உள்ளே போய்ச் சீழ் வைக்கும், மருத்துவர் பார்ப்பதற்கும் மறைக்கும். தலையைச் சாய்த்து, காது மடலை லேசாக இழுத்து, தண்ணீரை வடித்து, துண்டால் வெளியே மட்டும் துடையுங்கள், பட்ஸ் போடாதீர்கள். காது வாயிலில் இருக்கும் சிறு மேட்டை அழுத்தினால் வலிக்கிறது என்றால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிட்டு, அவர் சொல்லும்வரை குளத்துக்கு அனுப்ப வேண்டாம். வகுப்புக்கு முன் ஒரு வாழைப்பழம், இரண்டு பிஸ்கட் போதும். இட்லி, பொங்கல் எல்லாம் வந்து சாப்பிடட்டும். வயிற்றுப்போக்கு இருந்தால் அவனுக்காக மட்டுமல்ல, மற்றப் பிள்ளைகளுக்காகவும் விடுப்பு.

மகள்

நாலு வயதில் சேர்க்கலாம். அந்த வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் நீச்சல் வகுப்புக்குத் தயாராகிவிடுவார்கள் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் கருத்தும்கூட. முதல் ஆறு மாதம் விளையாட்டும் குமிழியும் மிதப்பதும்தான், வேறெதுவும் எதிர்பார்க்காதீர்கள். அண்ணன் வகுப்பில் மட்டும் சேர்க்காதீர்கள், வேறு நேரம் வாங்குங்கள். பயப்பட எந்தக் காரணமும் இல்லாத தங்கை ஒரே மாதத்தில் அவனைத் தாண்டிப் போகக்கூடும், அதை அவன் கரையில் நின்று பார்க்க வேண்டியதில்லை. அவனுக்கு மல்லாந்து மிதக்க வந்ததும், தங்கைக்கு “ம்ம்ம்” சொல்லித்தரும் வேலையை வீட்டுப் பேசினில் அவனிடமே கொடுங்கள்.